வெயிலும் மேனி நிறமும்



வெயில் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே நம்மவர் நாடுவது நிழலை. பங்குனி சித்திரை மாதங்களில், யாழ்ப்பாணத்து வெளிகளிலோ மட்டக்களப்புக் கரையிலோ நண்பகலில் நடக்க நேர்ந்தால், குடையாவது தலையிற் போட்ட துண்டாவது இன்றி எவரும் படலை தாண்டுவதில்லை. "வெயிலில் நில்லாதே, கறுத்துப் போவாய்" என்று தாய்மார் பிள்ளைகளைக் கடிந்து உள்ளே அழைப்பது நாம் நாளும் கேட்கும் பேச்சு. அதே நண்பகலில் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் அயல்நாட்டு விருந்தினர் மணலில் துணி விரித்து, உடம்பில் எண்ணெய் பூசி, வெயிலை வேண்டிக் கிடக்கின்றனர். கறுத்துவிடுவோம் என்று அஞ்சி ஓடுவோர் ஒரு புறம். கறுக்க வேண்டும் என்று காசு செலவிட்டுக் கடல் கடந்து வருவோர் மறு புறம்.

இவ்விரு சாராரும் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறானவர் எனத் தோன்றும். ஆயினும், சற்று ஆழ்ந்து நோக்கின், இருவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். வெயில் தோலுக்குத் தரும் நிறத்தையே இருவரும் பார்க்கின்றனர்; அது தோலுக்குள்ளே செய்யும் வேலையை இருவரும் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்த்து மயங்கியிருந்த ஒரு நாடு, பெரும் விலை கொடுத்த பின்னர், வெயிலைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. அந்நாடு அவுஸ்திரேலியா. அதன் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதையின் தொடக்கம் ஐரோப்பாவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பியச் சீமாட்டிகளும் நம் தாய்மாரைப் போலவே வெயிலுக்கு ஒளித்தவர்கள்தாம். வயலிற் பாடுபடுவோரின் மேனி கறுக்கும். மாளிகையில் இருப்போரின் மேனி வெளுத்திருக்கும். ஆதலால் வெண்மை உயர்குடியின் அடையாளமாயிற்று. சிறு குடைகளும், முழங்கை வரை நீண்ட கையுறைகளும், முகத்திரைகளும் அக்காலத்துச் சீமாட்டிகளுக்கு இன்றியமையாதன. போதாதென்று ஈயம் கலந்த வெண்பொடியையும் முகத்திற் பூசினர். அது நஞ்சு என்பதை அறிந்தவர்களும் பூசினர் என்பதே வருந்தத்தக்கது.

பின்னர் ஆலைகள் எழுந்தன, சுரங்கங்கள் பெருகின. உழைப்பாளி வயலை விட்டுக் கூரையின் கீழும் நிலத்தின் கீழும் புகுந்தான். இப்போது வெளுத்த மேனி ஏழையின் அடையாளமாயிற்று. விடுமுறை எடுத்துக் கடற்கரைக்குச் செல்ல வசதியுள்ளவனே வெயிலிற் பழுத்த மேனியோடு திரும்பினான். நிறம் இடம் மாறியதே அன்றி, நிறத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கம் மாறவில்லை.

இம்மாற்றத்துக்கு மருத்துவமும் கைகொடுத்தது. டென்மார்க் நாட்டு வைத்தியர் நீல்ஸ் பின்சன், தோலைத் தின்னும் ஒருவகைக் காசநோயை ஒளிக்கதிர் கொண்டு குணப்படுத்தி, 1903ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தின் லேசான் என்னும் மலையூரில் ஓகுஸ்து ரோலியே என்பவர் காசநோயாளரை வெயிலிற் கிடத்தி மருத்துவம் செய்யும் நிலையத்தைத் திறந்தார். 1919இல் ஜேர்மனிய வைத்தியர் ஹுல்ட்சின்ஸ்கி, எலும்பு வளைந்த குழந்தைகளைக் கதிர் விளக்கின் முன் இருத்தி அவர்களின் எலும்பு தேறுவதைக் காட்டினார். இவை யாவும் உண்மை. ஆனால் வைத்தியர் அளந்து கொடுத்ததை மக்கள் அளவின்றி எடுத்துக்கொண்டனர். 1920களில், பாரிஸ் நகரத்து ஆடை வடிவமைப்பாளர் கொக்கோ ஷனெல் போன்றோர் வெயிலிற் பழுத்த மேனியோடு தோன்றியபோது, மருந்தாக வந்தது நாகரிகமாக நிலைத்துவிட்டது.

இந்நாகரிகம் மிக ஆழமாக வேரூன்றிய இடம் அவுஸ்திரேலியா. அந்நாட்டின் ஆதிக்குடிகள் 50,000 ஆண்டுகளுக்கு மேலாக அங்கு வாழ்ந்து வருபவர்கள். அந்நாட்டு வெயிலுக்கேற்ற கருமேனி உடையவர்கள். 1788ஆம் ஆண்டிலிருந்து பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்களோ, மூடுபனியும் மங்கிய வெயிலும் உள்ள நாட்டுக்கு ஏற்ற வெண்டோலுடன் வந்தனர். தென்பாதி உலகின் கோடை டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை நிகழ்வது. பூமி தன் பாதையிற் சூரியனுக்கு மிக அண்மையில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். எனவே வடபாதி உலகின் கோடையிலும் பார்க்கத் தென்பாதியின் கோடையில் ஞாயிற்றின் கதிர் பூமியை அடையும் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுதி. அத்தகைய வானத்தின் கீழ் அத்தகைய தோல் வந்து சேர்ந்தது.

தொடக்கத்தில் அங்கும் கட்டுப்பாடு இருந்தது. பகல் வேளையிற் கடலில் நீராடுவது நாகரிகக் குறைவெனச் சட்டங்கள் தடுத்தன. 1902இல் சிட்னிக்கு அருகிலுள்ள மான்லிக் கடற்கரையில், பத்திரிகையாசிரியர் வில்லியம் கோச்சர் அத்தடையை வெளிப்படையாக மீறிப் பகலில் நீராடினார். அடுத்த ஆண்டிலேயே தடை தளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் கடற்கரையே அந்நாட்டவரின் திருவிழாத் திடலாயிற்று. 1937இல் மக்ஸ் டுபெயின் என்னும் கலைஞர் ஒரு நிழற்படம் எடுத்தார். ஈர உடம்போடு மணலிற் குப்புறக் கிடந்து வெயில் காயும் ஓர் ஆடவனின் தலையும் தோள்களும் மட்டுமே அதில் உள்ளன. பிற்காலத்தில் அப்படம் அவுஸ்திரேலிய வாழ்வின் சின்னமாகவே கொள்ளப்பட்டது. வெயிலிற் பழுத்தவன் உடல்நலம் மிக்கவன், உழைப்பாளி, ஆண்மையுடையவன், அழகன் என்பது நாட்டின் பொதுமொழியாயிற்று. நாம் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயை அங்குள்ள இளைஞர் உடம்பெங்கும் பூசிக்கொண்டு கடற்கரையிற் கிடந்தனர்.

இவ்விடத்தில் ஒன்றை நினைவூட்டாது அப்பாற் செல்ல இயலாது. 1901ஆம் ஆண்டிலே அந்நாடு குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டமொன்றை இயற்றியது. 'வெள்ளை அவுஸ்திரேலியா' எனப் பெயர் பெற்ற அக்கொள்கை, ஆசியரும் ஆபிரிக்கரும் உள்ளே வராதபடி வாயிலை அடைத்தது. அதன் கடைசி எச்சங்கள் நீங்கியது 1973இல். பிறவியிலே கரிய மேனி உடையவனை வாயிலில் நிறுத்திய அதே நாடு, வெயிலிற் கிடந்து மேனி கறுத்தவனை அழகன் என்று கொண்டாடியது. நிறத்தைப் பற்றிய மயக்கத்துக்கு முன்பின் முரண் தெரிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அக்கடற்கரைகளிற் கிடந்தோரின் தோலினுள்ளே நிகழ்ந்தது யாது? 1801இல் ரிற்றர் என்னும் ஜேர்மனிய அறிஞர், வானவில்லின் ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், வெள்ளி உப்புப் பூசிய தாள் விரைந்து கறுப்பதைக் கண்டார். கழியூதாக் கதிர் என நாம் இன்று சொல்வது அதுவே. அதனைக் கண்ணாற் காண முடியாது. சூடாகவும் உணர முடியாது. உடம்பிற் சூடாகத் தெரிவது வேறு கதிர். குளிர்ந்த காற்று வீசும் நாளிலும், மெல்லிய முகில் படர்ந்த நாளிலும் கழியூதாக் கதிர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

நம் தோலின் மேற்படையில் நிறக்கலங்கள் இருக்கின்றன. அவற்றின் தொகை எல்லா இனத்தாரிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் மெலனின் என்னும் நிறப்பொருளின் அளவும் வகையும் பரவலுமே வேறுபடுவன. கதிர் பட்டுத் தோற்கலங்களின் மரபுப்பொருள் ஊறுபடும்போது, அவ்வூறு கண்டு நிறக்கலங்கள் மேலும் மெலனினை ஆக்குகின்றன. இதுவே மேனி பழுப்பதன் காரணம். ஆகவே பழுத்த நிறம் என்பது தோல் எழுப்பும் அபயக்குரல். வீடு தீப்பற்றியபோது எழும் கூக்குரலைத் திருவிழா மேளம் என்று மகிழ்ந்தாற் போன்றதே அந்நிறத்தை நலத்தின் அடையாளமாகக் கொண்டாடியது. அந்நிறம் தரும் காப்பும் அற்பமே. இக்காலக் களிம்புகளின் காப்பெண் 30, 50 என இருக்க, வெண்டோலின் பழுப்பு நிறம் தருவது ஏறத்தாழ 3 அல்லது 4 அளவிலான காப்பு மாத்திரமே.

ஊறுபட்ட கலங்கள் பெரும்பாலும் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். திருத்தம் தவறிய கலங்கள் ஆண்டுகள் பல கடந்து புற்றாக மாறக்கூடும். அவற்றுள் மிகக் கொடியது மெலனோமா என்னும் கரும்புற்று. 1956ஆம் ஆண்டில் லங்காஸ்ரர் என்னும் அவுஸ்திரேலியப் புள்ளிவிபர அறிஞர், இந்நோயால் இறந்தோரின் கணக்கை நாட்டின் நிலப்படத்தோடு ஒப்பிட்டு நோக்கினார். வெயில் மிகுந்த வடபகுதியை நோக்கிச் செல்லச் செல்ல இறப்பும் ஏறிச் சென்றது. 1963இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மெலனோமாவுக்கெனத் தனி ஆய்வுத் திட்டமே தொடங்கப்பட்டது. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அறிஞர் அறிந்ததை ஊரார் ஏற்பது எளிதோ? அழகென்று நாடே சொல்வதை, ஆபத்தென்று நாலு வைத்தியர் சொன்னால் எந்த இளைஞன் கேட்பான்?

இவ்விடத்திலேதான் அந்நாட்டார் காட்டிய அறிவுத்திறன் நம் கவனத்துக்கு உரியது. 1981ஆம் ஆண்டின் கோடையில், விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய்ச் சங்கம் தொலைக்காட்சியில் ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. அதில் வைத்தியர் வரவில்லை, கல்லறை காட்டப்படவில்லை. சித் என்னும் பெயருடைய ஒரு கடற்காகம் ஆடிப் பாடி வந்தது. மேலே ஒரு சட்டையை மாட்டு, தோலிற் களிம்பைப் பூசு, தலையில் ஒரு தொப்பியைக் கவிழ் என்னும் மூன்று கட்டளைகளையும் மூன்று சிறு சொற்களாக்கிக் குழந்தைகளின் நாவில் ஏற்றிவிட்டது அந்தப் பறவை. பின்னர், 2007இல், நிழலை நாடு, கறுப்புக் கண்ணாடி அணி என்னும் இரண்டும் சேர்ந்து ஐந்தாயின. பெற்றோரைத் திருத்த முயல்வதிலும் பிள்ளைகளுக்குப் பழக்குவது எளிதென்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பாட்டோடு அவர்கள் நின்றுவிடவுமில்லை. 1988இல் நிலையான நிதியோடு ஒரு திட்டம் அமைந்தது. அந்நிதியின் ஊற்று புகையிலை மீது விதித்த வரி. பள்ளிக்கூடங்களில் அகன்ற விளிம்புத் தொப்பி சீருடையின் பகுதியாயிற்று. தொப்பி இல்லாத பிள்ளை இடைவேளையில் நிழலைவிட்டு வெளியே போகலாகாது என்ற விதி வந்தது. விளையாட்டுத் திடல்களுக்கு மேலே நிழற்பாய்கள் விரிக்கப்பட்டன. சிறுவர் நீராடும் உடை, கழுத்திலிருந்து முழங்கை வரை மூடும் சட்டையாயிற்று. வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு கழியூதாச் சுட்டெண்ணும் சொல்லப்படலாயிற்று. அவ்வெண் 3ஐ எட்டினால் காப்புத் தேவை என்பது இன்று அங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும்.

களிம்பு உண்மையிற் பயன் தருமா என்பதையும் சோதித்தே பார்த்தனர். குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்னும் சிற்றூர் மக்கள் 1,621 பேரை, 1992ஆம் ஆண்டில் இரு கூறாகப் பிரித்தனர். ஒரு சாரார் நாள்தோறும் களிம்பு பூசினர். மறு சாரார் தம் விருப்பம்போல் நடந்தனர். சோதனை 1996இல் முடிந்தது. அதன்பின் மேலும் பத்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, விருப்பம்போல் நடந்தவருள் 22 பேருக்கு மெலனோமா தோன்றியிருந்தது; நாள்தோறும் பூசியவருள் 11 பேருக்கே தோன்றியது. இம்முடிவு 2011இல் வெளியாயிற்று.

எனினும் மயக்கம் வேறொரு வாயிலால் மீண்டும் நுழைந்தது. கடற்கரைக்குப் போகாமலே, கதிர் விளக்குப் பொருத்திய கட்டிலிற் கிடந்து மேனியைப் பழுக்கவைக்கும் கடைகள் நகரெங்கும் முளைத்தன. 2007இல், மெல்பேண் நகரைச் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருவர், மெலனோமாவால் மரணப்படுக்கையில் இருந்தபடியே, இக்கட்டில்களின் தீங்கைப் பற்றித் தம் நாட்டவருக்கு எடுத்துரைத்தார். சின்னாட்களில் உயிர் நீத்தார். அவர் மறைந்தபின்னும் அவர் குரல் அடங்கவில்லை. 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் கழகம் இக்கட்டில்களை மனிதருக்குப் புற்று விளைவிப்பன என்று ஐயமற வகுத்தது. 2015ஆம் ஆண்டு பிறந்தபோது அவுஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் அக்கடைகள் மூடப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியாவும் அவ்வாறே செய்தது.

பயன் என்ன எனக் கேட்பீர்கள். கடற்காகத்தின் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில், நாற்பது வயதுக்குட்பட்டோரிடையே மெலனோமா குறைந்து வருகிறது. முந்திய தலைமுறைகளோ தாம் இளமையிற் பட்ட வெயிலுக்கு இன்றும் விலை கொடுக்கின்றன. எழுபது வயதுக்குள் மூவருள் இருவருக்கேனும் ஏதோவொரு வகைத் தோற்புற்று காணப்படும் நாடு அது. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மெலனோமாவால் இறக்கின்றனர். அண்மைக்காலத்தில், கைத்தொலைபேசித் திரையிலே பழுத்த மேனிகளைப் பார்த்துப் பார்த்து, இளைஞருட் சிலர் மீண்டும் வெயிலிற் கிடக்கத் தொடங்கியுள்ளனர் என்பது அங்குள்ள வைத்தியரின் கவலை. ஒருமுறை வென்ற மயக்கத்தைத் தலைமுறைதோறும் மீண்டும் வெல்ல வேண்டியிருக்கிறது.

நேயர்களே, இக்கதையில் நமக்கு என்ன பங்கு என்று எண்ணலாம். கடந்த நாற்பது ஆண்டுகளில் நம்மவர் பல்லாயிரவர் மெல்பேணிலும் சிட்னியிலும் குடியேறியுள்ளனர். உங்களுட் பலருக்கு அங்கே பிள்ளைகள் உளர், பேரப்பிள்ளைகள் உளர். நம் தோலுக்கு இயற்கை அளித்த மெலனின் நல்லதொரு கவசம். வெயிலால் வரும் தோற்புற்று நம்மவரிடையே அரிது. அதனால், வெண்டோலினருக்குச் சொல்லிய அறிவுரையை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்குள்ள மருத்துவ அமைப்புகள் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதனைத் தெளிவாகச் சொல்கிறது. மிகக் கரிய மேனியினர் நாள்தோறும் களிம்பு பூசவேண்டியதில்லை; நெடுநேரம் வெயிலில் நிற்கும்போது காத்துக்கொண்டாற் போதும். வெயிலே படாது வீட்டுக்குள் அடைந்திருந்தால், எலும்புக்கு வேண்டிய 'டி' உயிர்ச்சத்து நம் தோலில் ஆக நெடுநேரம் எடுக்கும். மெல்பேணின் மங்கிய மாரிக்காலத்தில் இது மேலும் கடினம். அங்குள்ள நம் பெண்களும் முதியோரும் இதனைத் தம் வைத்தியரோடு பேசுவது நலம்.

கவசம் இருக்கிறதென்று முற்றிலும் அசட்டையாக இருப்பதும் தகாது. கரிய மேனியினர்க்கு மெலனோமா வரும்போது அது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலுமே பெரும்பாலும் தோன்றும். அதற்குக் காரணம் வெயில் அன்று. ஆனால் 'நமக்கு அது வராது' என்ற எண்ணத்தால் நம்மவர் அதனைக் காலந்தாழ்த்திக் காண்கின்றனர். ஜமேக்கா நாட்டு இசைக்கலைஞர் பொப் மார்லி, கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால் 1981இல் தமது 36ஆவது வயதில் மறைந்தார். ஆறாத புண்ணோ, வளரும் கரும்புள்ளியோ, நகத்திற் புதிதாகத் தோன்றும் கருங்கோடோ கண்டால் வைத்தியரிடம் காட்டுவதே முறை. கண்ணுக்கோ மெலனின் தரும் கவசம் போதாது. நெடுங்காலம் கடுவெயிலில் உழைக்கும் மீனவர்க்கும் கமக்காரர்க்கும் கண்ணிற் புரை விரைந்து படரக்கூடும். அவர்களுக்கு அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஆடம்பரம் ஆகா. சித்திரை மாதத்திலே சூரியன் நம் உச்சிக்கு நேரே வரும் நாட்களில் வெப்பம் உயிரையே வாங்கவல்லது. அந்நாட்களில் நிழலும் நீரும் ஓய்வும் எல்லா நிறத்தாருக்கும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. "கறுத்துப் போவாய்" என்று பிள்ளையை அழைக்கும் அந்தச் சொல்லை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். ஐரோப்பியச் சீமாட்டிகள் ஈயப்பொடி பூசிய காலம் கழிந்துவிட்டது. ஆனால் மேனியை வெளுப்பிக்கும் களிம்புகளை நம் கடைத்தெருக்களில் இன்றும் காண்கிறோம். இத்தகைய களிம்புகள் சிலவற்றில் இரசம் கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்டுள்ளது. மெலனின் ஆகவொட்டாமல் தடுக்கும் அவ்விரசம் தோலினூடே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் ஜப்பானிற் கையொப்பமான மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளை ஒழிக்கவேண்டும் என விதித்தது. ஆனால் உடன்படிக்கை ஒழிப்பது பூச்சை மாத்திரமே. மணப்பெண் சிவந்த நிறமா எனக் கேட்கும் நாவையும், கறுத்த குழந்தையைக் கண்டு முகம் சுளிக்கும் உற்றாரையும் எந்த உடன்படிக்கை திருத்தும்? இரசம் கலந்த களிம்பைத் தேடி நம் மகள் கடைக்குப் போவதற்கு முன்னரே, அவளை நாம் ஆயிரம் முறை "கறுத்துப் போவாய்" என்று அச்சுறுத்தியிருக்கிறோம்.

அவுஸ்திரேலியத் தாய் தன் மகனுக்குப் பழுப்பு நிறம் அழகு என்று சொல்வதை நிறுத்தினாள். அவன் தலையில் ஒரு தொப்பியை வைத்தாள். நம் தாய்மாருக்கு அதைவிட எளிய வேலையே இருக்கிறது. குடை முன்னரே நம் கையில் உள்ளது. நிழலின் அருமையும் முன்னரே நமக்குத் தெரியும். சொல்லை மாத்திரம் மாற்றினாற் போதும். "வெயில் கடுமை, உள்ளே வா, தண்ணீர் குடி" என்று அழைப்போம். பிள்ளை வெயிலுக்கும் தப்பும். தன் நிறத்தைக் குறித்து நாணவும் கற்காது.